முள்ளந்தண்டு அடிபட்ட பிறகு எங்கே கொண்டுபோவது? யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு முன்னால் இருக்கும் வழிகள்

“அண்ணை, தம்பிக்கு முள்ளந்தண்டு அடிபட்டிட்டுது. ஒப்பரேசன் முடிஞ்சுது. இந்தக் கிழமை துண்டு வெட்டி வீட்டை அனுப்புவினமாம். இனி எங்கை கொண்டு போறது?”

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது இப்படி ஓர் அழைப்பு எங்கள் வீட்டுக்கு வருகிறது. அண்ணா விழுந்து முள்ளந்தண்டு உடைந்தவர் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். யாராவது எங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் தென்னையில் இருந்து விழுந்திருப்பார், ஒருவர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டிருப்பார், ஒருவர் கிணற்றுக்குள் தவறியிருப்பார். கேள்வி மட்டும் ஒன்றுதான். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. எந்த எலும்பில் எத்தனை ஆணி போடுவது, எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் வைத்தியர்களின் முடிவு. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வருகிற ஆறு மாதத்தை, ஒரு வருடத்தை எங்கே கழிப்பது என்ற முடிவு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. வாட்டு வாசலில் நின்று, நித்திரை இல்லாத கண்ணோடு, ஒரே இரவில் எடுக்கிற முடிவாகவும் அது போய்விடுகிறது.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “எங்கே போனால் நடப்பார்?” என்று இடம் தேடாதீர்கள். “சலம், மலம், தோல் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள அவருக்கும் எங்களுக்கும் எங்கே படிப்பிப்பார்கள்?” என்று கேட்டுத் தேடுங்கள். நடக்கக்கூடிய காயமாக இருந்தால் நல்ல பயிற்சி அதையும் வெளியே கொண்டுவரும். நடக்க முடியாத காயமாக இருந்தால் அந்த மூன்றும்தான் உயிர்.

அண்ணா மேசன். 2017இல் வெளிமாவட்டம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். முதுகும் நாரியும் சந்திக்கிற இடத்தில் எலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அங்கேயே ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதை நன்றாகத்தான் செய்தார்கள். பத்தொன்பதாம் நாள் துண்டு வெட்டினார்கள். கையில் மருந்துச் சிட்டை, காலுக்கிடையில் சலக்குழாய், “வீட்டிலை பிசியோதெரபி செய்யுங்கோ” என்ற ஒரு வசனம். தோலைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டில் தும்பு மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அசைத்தால் ஆணி விலகிவிடும் என்ற பயத்தில் அசைக்காமல் பார்த்தோம். பதினோராம் நாள் அம்மா உடம்பு துடைக்கிறபோது வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிவப்பைக் கண்டா. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. சூடு என்று நினைத்துச் சந்தனம் பூசினோம். இரண்டு கிழமையில் தோல் கறுத்து உள்ளே இறங்கிவிட்டது. துப்புரவாக்கி எடுத்தபோது ஒரு தேசிக்காய் அடங்கும் குழி. அது ஆற ஒன்பது மாதம் எடுத்தது. உடம்பு திரும்பி வரக்கூடிய அந்த முதல் வருடத்தின் பெரும்பகுதியை அண்ணா குப்புறப் படுத்தே கழித்தார்.

ஆகவே இதில் எனக்கு நடுநிலை கிடையாது. தெரிவுகளை அந்தக் குழியின் பக்கம் நின்றுதான் பார்க்கிறேன்.

மருத்துவ வரலாறும் இதையேதான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் முள்ளந்தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலானவர்கள் படுக்கைப்புண்ணாலும் சலத் தொற்றாலும்தான் இறந்துபோனார்கள். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் ஒரு பிரிவைத் தொடங்கி, இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்தார், சலப்பையைச் சுத்தமாகப் பராமரித்தார், எழுப்பி இருத்தி விளையாடவும் விட்டார். புது மருந்தோ புது இயந்திரமோ அல்ல, ஒழுங்கான பராமரிப்புத்தான் சாவு என்று எழுதப்பட்ட நோயை வாழக்கூடியதாக மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, இந்தக் காயம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் காலத்துக்கு முந்தி இறக்கும் வாய்ப்பு 2 முதல் 5 மடங்கு என்கிறது. எந்த நாட்டில், எந்தப் பராமரிப்பில் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வித்தியாசம்.

இடம் தேடும் முன் வைத்தியரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: காயம் முழுமையானதா, பகுதியானதா? ஆங்கில எழுத்தில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து படிகளாக இதைத் தரம்பிரிப்பார்கள். ஏ என்றால் காயத்துக்குக் கீழே, மலவாசல் வரைக்கும், உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. பி என்றால் உணர்வு இருக்கிறது, அசைவு இல்லை. சி, டி என்றால் அசைவும் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. ஈ என்றால் வழமை நிலை. சியிலும் டியிலும் இருப்பவருக்கு முதல் ஆறு மாதமும் தங்கம். தீவிரப் பயிற்சி கிடைக்கிற இடத்துக்கு ஒரு நாள் முந்திப் போனாலும் இலாபம். ஏ என்றால் அவசரம் வேறு விதமானது: புண் வருவதற்கு முன் படிப்பிக்கிற ஓர் இடம் வேண்டும். இந்த ஒரு எழுத்தைத் தெரியாமல் இடம் தேடப் போகிற குடும்பங்கள் நிறைய.

நேரே வீட்டுக்கு

மிக அதிகமானோர் செய்வது இதுதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வடக்குக்கே பெரியாஸ்பத்திரி. ஸ்கானும் சத்திரசிகிச்சையும் கிளினிக்கும் அங்கே இருக்கின்றன, இலவசமாகவே. ஆனால் வடமாகாணம் முழுக்க வந்து குவிகிற ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலை ஒருவருக்கு ஆறு மாதம் ஒதுக்க முடியாது. அது அவர்களின் குற்றமும் இல்லை. அதனால் எலும்பு நிலைத்ததும் வீடு. பின்னேரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் காசுக்கு வந்து கைகாலை அசைத்துவிட்டுப் போவார்.

வீட்டில் சோறு நல்லது, தாயின் கை நல்லது. சொந்தம் சூழ இருப்பது மனத்துக்கு மருந்துதான். ஆனால் பிசியோதெரபி என்று நாங்கள் நினைப்பது, ஆள் படுத்திருக்க இன்னொருவர் காலை மடக்கி நீட்டுவது. அது மூட்டு இறுகாமல் காக்கும், அவ்வளவுதான். கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, நாற்காலியில் இருந்து விழுந்தால் தானே ஏறுவது, சலத்தைத் தானே எடுப்பது, காலைத் தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்தில் மலத்தை ஒழுங்காக வெளியேற்றிவிட்டு நாள் முழுக்கப் பயமில்லாமல் இருப்பது, இவற்றை வாரம் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் வந்துபோகிறவர் படிப்பிக்க முடியாது. எல்லாவற்றையும் வீட்டுக்காரர் செய்துகொடுப்பார்கள். மூன்றாம் வருடம் அம்மாவின் நாரியும் போய்விடும்.

சலக்குழாயை மட்டும் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருக்குப் பெரும்பாலும் நிரந்தரக் குழாய்தான். சில கிழமைக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எப்போதும் உள்ளேயே கிடப்பதால் கிருமி போக ஒரு பாதை திறந்தே இருக்கும். படித்த இடத்தில் இருந்து வருகிறவர் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஒரு மெல்லிய குழாயைத் தானே விட்டு, சலத்தை எடுத்து, குழாயை வெளியே எடுத்துவிடுவார். பையும் தொங்காது, கோயிலுக்கும் போகலாம், கடையில் நின்று வியாபாரமும் பார்க்கலாம். எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது. கை பலமில்லாதவர்களுக்கு வேறு வழி தேவைப்படும். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்றே அறியாமல் பத்து வருடம் பையோடு இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சலம் கூடுதலாக வருகிறது என்று தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வெயிலில் அது சிறுநீரகத்துக்குச் செய்யும் கொடுமை.

வீடு கடைசியில் வரவேண்டிய இடம். முதலில் போகவேண்டிய இடம் அல்ல.

எண்ணெயும் கட்டும்

முறிவு நெரிவு வைத்தியம் எங்கள் மண்ணில் ஆழமாக வேரூன்றியது. கை முறிந்தால், கால் பிசகினால் நானே போயிருக்கிறேன், சுகமும் வந்தது. அந்த வைத்தியர்களின் கை எலும்பை அறியும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் முள்ளந்தண்டில் உடைந்தது எலும்பு மட்டுமல்ல. உள்ளே ஓடுகிற வடம் நசிந்திருக்கிறது. எண்ணெய் தோல்வழியே அங்கே போய்ச் சேராது. அதைவிட ஆபத்து, உணர்வில்லாத தோலுக்குச் சூடு தெரியாது. வல்வெட்டித்துறைப் பக்கம் ஒருவரைப் பார்க்கப் போனோம். இரண்டு குதிக்காலும் பொக்களித்து உடைந்திருந்தன. ஒத்தடம் கொடுத்தவர் தன் கைக்குப் பொறுக்கும் சூட்டில்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் சுடுகிறது என்று சொல்லவோ காலை இழுக்கவோ படுத்திருந்தவரால் முடியாது. எலும்பு பொருந்தும் முன் முதுகைப் பிடித்துத் திருகினால் மிஞ்சியிருக்கிற நரம்பும் போய்விடும். இன்னொன்று, முதல் மாதங்களில் காலின் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதை உருவிவிடவே கூடாது, கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆள் தப்புவது கடினம். பெரியவர்கள் மனம் ஆறவேண்டும் என்று எண்ணெய் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், உணர்வுள்ள தோள்பட்டைக்கு வையுங்கள். நாற்காலி தள்ளுகிறவரின் தோளுக்கு அது உண்மையிலேயே சுகம்.

மாங்குளம்

புனர்வாழ்வு என்ற சொல்லுக்கு வன்னியில் வேறொரு ஞாபகமும் உண்டு, போர் முடிந்த பிறகு வந்த தடுப்பு முகாம்களின் ஞாபகம். அதனாலேயே சிலர் அந்தச் சொல்லைக் கேட்டதும் தயங்குவார்கள். இங்கே நான் சொல்வது மருத்துவப் புனர்வாழ்வு, அடிபட்டவரைத் திரும்பவும் தானே வாழப் பழக்குவது.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அரச வைத்தியசாலை, சிகிச்சைக்குக் காசில்லை. காலை பஸ் எடுத்தால் பார்த்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்பலாம். எல்லாவற்றையும்விட, தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறலாம். இதைச் சும்மா ஒரு வசதியாக நினைக்காதீர்கள். மலம் இறக்கக் குளிசையை எந்த அளவு உள்ளே வைப்பது, விரலை எப்படிச் சுழற்றுவது என்பதை அரைகுறை மொழியில் படிக்க முடியாது. வெட்கம் ஒரு பக்கம், மொழி மறுபக்கம் என்றால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். மொழியும் சிகிச்சையின் தரத்தில் ஒரு பகுதிதான்.

மாங்குளத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. போரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேர் வன்னி முழுக்க வாழ்கிறார்கள். அவர்களுக்கான உயிரிழை அமைப்பும் மாங்குளத்தில்தான் இருக்கிறது. 2009க்குப் பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில் இருந்து தாங்களாகப் படித்துத் தாங்களாக வாழக் கற்றவர்கள். அண்ணாவுக்குப் புண் ஆறிவந்த காலத்தில் வன்னியில் இருந்து ஒருவர், தானே ஓட்டுகிற முச்சக்கர வண்டியில், எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். சக்கர நாற்காலியை இறக்கி, தான் இறங்கி, விறாந்தைப் படியில் பின்பக்கமாக ஏறி, ஒரு மத்தியானம் முழுக்க இருந்தார். போகும்போது ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்தார். ஒரு முழ நீளக் கம்பில் கம்பியால் கட்டியது. “ஒவ்வொரு இரவும் உன்ரை பின்பக்கத்தை நீயே பார். வேறை ஆரையும் நம்பாதை.” அண்ணா இன்றைக்கும் படுக்கமுன் பார்க்கிறார். வாட்டில் எத்தனை பேர் சொன்னாலும், அதே உடம்போடு வாழ்கிற ஒருவர் சொல்வதுபோல் ஆகாது.

புது நிலையம் என்பதால் ஒன்று செய்யுங்கள். போவதற்கு முன் உங்கள் வாட்டு வைத்தியரைக் கொண்டே அங்கே கதைக்கச் சொல்லுங்கள். கட்டில் இருக்கிறதா, எத்தனை கிழமை வைத்திருப்பார்கள், புண் இருந்தால் எடுப்பார்களா, கூட நிற்பவருக்கும் படிப்பிப்பார்களா என்று கேட்டு, பதில் வந்த பிறகு வானைப் பிடியுங்கள்.

ராகம

கொழும்புக்குக் கிட்ட ராகமவில் இருக்கும் வாதநோய் மற்றும் புனர்வாழ்வு வைத்தியசாலை இந்தத் துறையில் நாட்டின் பழைய, பெரிய அரச வைத்தியசாலை. கண்டிக்குக் கிட்டத் திகனவிலும் ஒன்று இருக்கிறது. முள்ளந்தண்டு நோயாளிகளை ஆண்டாண்டாகக் கண்ட கைகள் ராகமவில் உண்டு. பிசியோதெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். புண்ணோடு போகிறவருக்கும் கழுத்தில் அடிபட்டவருக்கும் அனுபவமுள்ள இடம் தேவை என்றால் முதலில் கேட்கவேண்டிய அரச இடம் இது.

தூரம்தான் கனம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சிகிச்சை இலவசம், ஆனால் கூட நிற்கிறவர் எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது? வாட்டுப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும். சிங்களம் தெரிந்த ஒரு மச்சானோ சிநேகிதனோ முதல் இரண்டு கிழமையாவது கூட இருந்தால் அந்தத் தடை பாதியாகும். வீட்டில் உழைப்பவர் விழுந்துவிட்டார், மனைவி கூடப் போய்விட்டா, பிள்ளைகள் அம்மம்மாவோடு என்றால் மூன்று மாதத்தைக் கடன் இல்லாமல் கடப்பது கடினம். காத்திருப்போர் பட்டியலும் இருக்கலாம். அந்தக் காத்திருப்பில்தான் புண் வருகிறது என்பதால், பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு மணித்தியாலத் திருப்பலை அன்றிரவே வீட்டில் தொடங்கவேண்டும்.

வேலூர்

வெளிநாட்டில் ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருந்தால் இந்தப் பெயர் கட்டாயம் வரும். நியாயமாகவே வரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வு நிறுவனம் பாகாயத்தில் 1966இல் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பிய மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டுக் கால் இரண்டும் செயலிழந்த இளம் வைத்தியர். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பிறகு நியூயோர்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். நோயாளி என்ன தேவை என்று சொல்லும் முன்பே அறிந்த ஒருவரின் கையில் பிறந்த இடம் அது. குடும்பத்தில் ஒருவர் கூட இருந்து, திருப்புவது முதல் சலம் எடுப்பது வரை பழகி, வீட்டைப் போலவே வாழ்ந்து பார்க்கிற முறை. தமிழில் கதைக்கலாம். நாங்கள் சலம் என்றால் அவர்கள் யூரின் என்பார்கள், நாரி என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

தமிழ்நாட்டில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இருக்கிறது. 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வேலூரில் இடம் கிடைக்காதவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம்.

இனிக் கசப்பான பக்கம். வேலூரில் காசு கட்டவேண்டும், மாதக்கணக்கில். மருத்துவ விசா எடுக்கவேண்டும். கூடப் போக இரண்டு பேர் வரை உதவியாளர் விசா எடுக்கலாம். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறந்தால் ஆகாயத்தில் நேரம் குறைவுதான். ஆனால் வருவது சிறிய விமானம், படியால் ஏற்றவேண்டும். நடக்க முடியாதவர் என்று பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லாவிட்டால் வாசலில் நின்று தவிக்க நேரும். சென்னையில் இருந்து வேலூர் இன்னும் 140 கிலோமீற்றர். காலில் இரத்தக்கட்டி இல்லை, பறக்கலாம் என்று வைத்தியர் எழுத்தில் தந்த பிறகு மட்டும் புறப்படுங்கள். இருக்கையிலும் அடிக்கடி உடம்பைத் தூக்கிவிடவேண்டும், அந்தப் பயணத்திலேயே புண் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

என் மனத்தில் பெரிய குறை இதுவல்ல. வேலூரில் படிப்பவர் வேலூர்த் தரையில் படிக்கிறார். மழமழவென்ற நிலம், அகலமான கதவு, கைபிடி வைத்த மலசலகூடம். திரும்பி வந்து இறங்குவது மணல் ஒழுங்கை, இரண்டடி உயர விறாந்தை, வளவின் மூலையில் மலசலகூடம். அங்கே செய்ததை இங்கே செய்ய முடியாமல் மூன்று மாதத்தில் கட்டிலுக்குத் திரும்பியவரை அறிவேன். வேலூர் போகிறீர்கள் என்றால் வீட்டைப் படமெடுத்து, கதவை அளந்து, கொண்டுபோய்ச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். “இந்த வீட்டுக்குத் தக்கபடி பழக்குங்கோ” என்று கேளுங்கள். சந்தோசமாகச் செய்வார்கள்.

ஸ்டெம் செல் ஊசியால் நடக்கவைக்கிறோம் என்று இலட்சக்கணக்கில் கேட்கிற இடங்களின் விளம்பரம் கைத்தொலைபேசிக்கு வரும், வெளிநாட்டுச் சொந்தமும் அனுப்பிவைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், முள்ளந்தண்டுக் காயத்துக்கு இதை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள். காணி ஈடுவைத்து அங்கே போகாதீர்கள். அந்தக் காசில் நல்ல காற்று மெத்தையும், உடம்புக்கு அளந்த சக்கர நாற்காலியும், மலசலகூடமும் வரும்.

யாருக்கு எது

பகுதிக் காயம், இளம் வயது, காசு ஓரளவு புரளும் என்றால் தாமதிக்காமல் வேலூர். காசு இல்லையென்றால் ராகம அல்லது மாங்குளம், எது முதலில் கட்டில் தருகிறதோ அது. முழுமையான காயம், கை நல்ல பலம், புண் இல்லை என்றால் நான் மாங்குளத்தைத்தான் சொல்வேன். அவர் படிக்கவேண்டியது தமிழில், தன்னைப் போன்றவர்கள் நடுவில், தன் வீட்டைப் போன்ற வீடுகள் இருக்கிற மண்ணில் படிக்கவேண்டியது. கழுத்தில் அடிபட்டு மூச்சே பலவீனம், சளியைக் காறித் துப்ப முடியவில்லை என்றால் தூரத்தைப் பார்க்காமல் பெரிய வைத்தியசாலைப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். புண் இருக்கிறவருக்கு வேறெதற்கும் முந்திப் புண். அதோடு எந்தப் பயிற்சியும் நடக்காது.

பெண் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். சலம் எடுக்கப் படிப்பிப்பது பெண் தாதியா? மறைப்போடு ஓர் அறை இருக்கிறதா? எங்கள் பெண்கள் வெட்கத்தில் வாயே திறக்காமல் பையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். முள்ளந்தண்டுக் காயம் உள்ள பெண் பிள்ளை பெறலாம் என்பதையும், ஆணுக்கும் குடும்ப வாழ்க்கைக்கு மருத்துவ உதவி உண்டு என்பதையும் யாழ்ப்பாணத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கலியாணமான ஒரு மாதத்தில் விழுந்த பெடியன் ஒருவன் என்னிடம் இதை இரண்டு வருடம் கழித்துத்தான் கேட்டான், அதுவும் இருட்டில், முகம் பாராமல். நீங்கள் தெரிவு செய்கிற இடத்தில் இதைக் கதைக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நெஞ்சுக்கு மேலே, ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் என்றால் எந்த இடம் போனாலும் ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள். திடீரென்று தலை வெடிக்கிறமாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, இரத்த அழுத்தம் கூரைக்கு ஏறும். பெரும்பாலும் காரணம் சிறியது: சலக்குழாய் தொடைக்குக் கீழே மடிந்திருக்கும், அல்லது மலம் அடைத்திருக்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, குழாயை நேராக்கவேண்டும். அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து ஆஸ்பத்திரி. கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தம் கசியலாம். சின்ன ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் நிற்பவர் இதைக் கண்டிருக்கமாட்டார். ஆகவே ஒரு மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். இவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் சித்திரை வெயிலில் காய்ச்சல்போல உடம்பு கொதிக்கும். ஈரத் துணி போடுங்கள், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் படுக்கவிடாதீர்கள்.

எங்கே போய் வந்தாலும் மிச்சக் காலம் யாழ்ப்பாணத்தில்தான். சக்கர நாற்காலிக்கும் அதைப் பழுதுபார்ப்பதற்கும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் மாற்றுவலுவுள்ளோர் புனர்வாழ்வு நிலையத்தை நாடலாம். அரசின் மாற்றுவலுவுள்ளோர் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாயில் இருந்து 10,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் முதல் மாதமே விண்ணப்பியுங்கள். குழாய்க்கும் துடைக்கிற துணிக்குமே அதில் நல்ல பங்கு போய்விடும், ஆனாலும் விடாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுவலுவுள்ளோரின் உரிமையைக் காக்கவென்றே இருக்கிறது. கொடுப்பனவைக் கேட்க யாருக்கும் முன்னால் தலைகுனியத் தேவையில்லை.

ஆள் வைத்தியசாலையில் படிக்கிற காலத்தில் வீட்டில் நிற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கதவு 32 அங்குலமாவது அகலவேண்டும். எங்கள் பக்கத்து மலசலகூடக் கதவு பெரும்பாலும் அதைவிடக் குறுகியது, நாற்காலி போகாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு தேவை. விறாந்தை இரண்டடி என்றால் இருபத்துநான்கு அடி, முற்றத்தில் இடம் காணாவிட்டால் நடுவில் ஒரு தட்டு வைத்து மடித்துக் கட்டவேண்டும். எங்கள் வீட்டில் சாய்வு கட்ட வந்த மேசன் செங்குத்தாகக் கட்டப் பார்த்தார். அண்ணா நாற்காலியில் இருந்தபடியே நூலைப் பிடிக்கச் சொல்லி, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, முதல் வரிசைக் கல்லை இரண்டு தடவை பெயர்ப்பித்தார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. சீமெந்து காய ஏழு நாள் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான்.